சீட்டுக் குலுக்கலும் சீனியாரிட்டி பட்டியலும்

கல்லூரிகளுக்கு இடையிலான ஹாக்கிப் போட்டி என்றால், ஆட்டம் மைதானத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். முதல் நாளுக்கு முந்தின இரவு நான்கைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, எந்த அணி எந்த அணியோடு மோத வேண்டும் என்று ஒரு தாளில் கோடு போடுகிறார்களே, பாதி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்தத் தாளுக்கு ஃபிக்சர் என்று பெயர். பலமான அணிகள் எவை என்று முன்கூட்டியே பார்த்து, அவை முதல் சுற்றிலேயே முட்டிக்கொள்ளாதபடி தள்ளித் தள்ளி வைப்பதற்கு சீடிங் என்று பெயர்.

சீட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு விதை என்று பொருள். நல்ல விதையை ஒரே மூலையில் கொட்டாமல் வயல் முழுக்கப் பரவலாக ஊன்றுவது போல, நல்ல அணிகளைப் பட்டியல் முழுக்கப் பரப்பி வைப்பது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டென்னிஸ்காரர்கள் கொண்டுவந்த சொல் இது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதையே ‘தெத் தெ செரி’ என்பார்கள். வரிசையின் தலை என்று பொருள். ஒன்று விவசாயியின் சொல், இன்னொன்று அதிகாரியின் சொல். விதைக்கிறவனுக்கு வயல் முழுவதும் விளைய வேண்டும். தலை என்று சொல்லிவிட்டாலோ மாலை, மரியாதை, முன்வரிசை நாற்காலி எல்லாம் வந்து சேர்ந்துவிடும். நம் ஊர்ப் பக்கத்துப் போட்டிகளில் நான் பார்த்த அளவில் சீடிங் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது அர்த்தத்தில்தான் நடந்தது. அது மாற வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

சீடிங்கே வேண்டாம், சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாம், கடவுள் விட்ட வழி என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 அணிகள் நாக் அவுட் முறையில் ஆடுகின்றன. அதில் மிகச் சிறந்த இரண்டு அணிகள் உண்டு என்று வையுங்கள். முதல் அணியின் சீட்டு எங்கே விழுந்தாலும் மீதி 15 இடங்கள் இருக்கும். அவற்றில் 7 இடங்கள் அதே பாதியில், 8 இடங்கள் அடுத்த பாதியில். ஆக, இறுதி ஆட்டத்தில் மோத வேண்டிய இரண்டு அணிகளும் அதற்கு முன்பே மோதிக்கொள்ள 15க்கு 7 வாய்ப்பு. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. சிறந்த நான்கு அணிகளும் நான்கு கால் பகுதிகளில் தனித்தனியாக விழ வேண்டும் என்றால், ஏழு தடவை குலுக்கினால் ஒரு தடவைதான் அப்படி அமையும். காலையில் முதல் ஆட்டத்திலேயே இரண்டு நல்ல அணிகளில் ஒன்று மூட்டை கட்டினால், கடைசி நாள் ஆட்டம் ஒருதலையாகப் போய்விடும். பார்க்க வந்தவர்களுக்கும் ஏமாற்றம், ஜெயித்தவனுக்கும் ருசி இல்லை. ஆகவே சீடிங் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் எதை வைத்து?

வழக்கமாக மூன்று விஷயங்களை வைத்து எழுதுவார்கள். போன வருஷம் யார் ஜெயித்தது, எந்தக் கல்லூரிக்குப் பெயர் பெரியது, போட்டியை நடத்துவது யார். மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நடத்துகிற கல்லூரிக்கு நோஞ்சான் அணியோ அல்லது ஒரு ‘பை’யோ எப்படியோ கிடைத்துவிடும். பை என்றால் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது. சாப்பாடு போடுகிறவன் வீட்டுப் பிள்ளைக்கு முதல் இலை என்கிற மாதிரி.

போன வருஷ முடிவு என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் இளங்கலைப் படிப்பு மூன்றே வருஷம். ஒவ்வொரு ஏப்ரலிலும் அணியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தின கோப்பை என்றால், அதை வென்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இன்று கல்லூரியிலேயே இல்லை. போனவர்களில் கோல் கீப்பரும், பெனால்டி கார்னர் அடிக்கிற பையனும் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஹாக்கியில் பாதி கோல் அந்த ஒருவன் மட்டையில் இருக்கும். அணியின் பெயர் அதே, பனியன் நிறம் அதே, ஆள் வேறு.

பெயரை வைத்து எடை போடுவது இதைவிட மோசம். ஹாக்கி பெரிய ஊரில் மட்டும் வளர்கிற ஆட்டம் இல்லை என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. கோவில்பட்டி என்ன மாநகரமா? அந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், நமக்கு அதிக தூரம் இல்லாத அரியலூரின் கார்த்தி செல்வமும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். இந்தியா வெண்கலம் வாங்கியது. அப்படி ஒரு பையன் இன்று எந்தச் சின்னக் கல்லூரியின் அணியில் இருக்கிறான் என்று கல்லூரியின் பெயர்ப்பலகையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

பல வருஷங்களுக்கு முன், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக ஒரு போட்டிக்கு ஃபிக்சர் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். அலுவலகம் முடிந்து போய், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். மறுநாள் விடுமுறை. ஆட்டம் பார்க்கப் போனேன். 16 அணிகளில் ஒன்று ஒரு சின்னக் கல்லூரியின் அணி. அதில் கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன்கள் மூன்று நான்கு பேர். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, முந்தின நாள் சாயங்காலமே வந்து சேர்ந்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு அவர்களுக்கு முதல் ஆட்டம், போன வருஷம் கோப்பை வாங்கிய அணியோடு. எட்டுக்குப் பூஜ்யம். ஒன்பது மணிக்கு மட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஒரு பையன் வாத்தியாரிடம் கேட்டான். “சார், சாயங்காலம் நமக்கு இன்னொரு மேட்ச் இருக்கா சார்?”

“இல்லடா தம்பி. பதினோரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பணும்.”

ஒரு வருஷப் பயிற்சி. ஒரு மணி நேர ஆட்டம். அதோடு சரி.

இதில் சட்டப்படி யாரும் தவறு செய்யவில்லை. நாக் அவுட்டில் சீடிங் செய்தால், சீட் கிடைத்த அணிக்கு எதிரே சீட் இல்லாத அணியைத்தான் வைக்க முடியும். பெரியவர்கள் முதல் நாளே மோதக் கூடாது என்று காப்பாற்றுகிறோம். அதற்கான விலையைச் சின்ன அணிகள் கொடுக்கின்றன. விலை கொடுப்பவனுக்கு நாம் என்ன திருப்பிக் கொடுக்கிறோம்? குறைந்தது இரண்டாவது ஆட்டம் ஒன்று கொடுக்க வேண்டாமா?

அதற்கு வருகிறேன். முதலில் அணிகளை எப்படி ஒப்பிடுவது என்பதை முடித்துவிடுவோம். நேருக்கு நேர் மோதிய இரண்டு அணிகளை ஒப்பிடுவது சுலபம். மோதாத அணிகளை எப்படி ஒப்பிடுவது?

நம் மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. நம் பக்கத்துக் கல்லூரிகள் ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தன. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தபோது அதன் கீழ் போயின. 2021இல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. நேற்று வரை வேலூர், திருவண்ணாமலைப் பையன்களோடு ஆடியவர்கள், இன்று மயிலாடுதுறைப் பையன்களோடு ஆட வேண்டும். இவர்கள் அங்கே இரண்டாவது, அவர்கள் வேறு இடத்தில் மூன்றாவது. யார் பெரியவர்?

ஓய்வுபெற்ற எழுத்தருக்கு இந்தக் கேள்வி புதிதே இல்லை. 1993இல் தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. 2019இல் அதிலிருந்து நம் கள்ளக்குறிச்சி பிரிந்தது. மாவட்டம் பிரிகிற போதெல்லாம் யார் யாருக்கு மூத்தவர் என்கிற பிரச்சினை வரும். அதற்கு அரசாங்கத்தில் ஒரு முறை இருக்கிறது. தற்காலிக முதுநிலைப் பட்டியல் ஒன்று தயாரிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பணியில் சேர்ந்த தேதி, தேர்ச்சி பெற்ற துறைத் தேர்வு எல்லாம் இருக்கும். எல்லோர் பார்வைக்கும் சுற்றுக்கு விடுவார்கள். இத்தனை நாளுக்குள் ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடு என்பார்கள். அதைப் பரிசீலித்து, பிறகுதான் இறுதிப் பட்டியல். எங்களுக்குள் சண்டை வந்ததுண்டு. ஆனால் என் பெயர் ஏன் பதினாலாவதாக இருக்கிறது என்று கேட்டால், காரணம் அந்தத் தாளிலேயே இருக்கும். என் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ரேங்க் படிக்கும்போது பாடவாரியாக மதிப்பெண்ணும் சேர்த்தே படிப்பார்கள். கூட்டல் சரியா என்று கடைசி பெஞ்சுக்காரன்கூடப் போட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த ஒப்பீட்டை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே ஹாக்கி என்றால் பனித்தரையில் சறுக்கி ஆடுவது. முதல் பிரிவில் அறுபதுக்கும் மேற்பட்ட அணிகள். தேசியப் போட்டிக்கு 16 அணிகள்தான் போகலாம். எல்லோரும் எல்லோரோடும் ஆட வழியில்லை. அதனால் பல ஆண்டுகள் ஜோடி ஜோடியாக ஒப்பிடும் முறையைப் பின்பற்றினார்கள். ஒவ்வோர் அணியையும் மற்ற ஒவ்வோர் அணியோடும் நிறுத்தி மூன்று கேள்வி கேட்பார்கள். இருவரும் நேரில் மோதியபோது யார் ஜெயித்தது? இருவரும் ஆடிய பொதுவான எதிரணிகளிடம் யார் நன்றாக ஆடினார்கள்? யார் சந்தித்த எதிராளிகள் பலமானவர்கள்? இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்து யார் முந்துகிறாரோ அவருக்கு ஒரு புள்ளி. எல்லா ஜோடிகளையும் பார்த்து முடித்ததும் அதிகப் புள்ளி பெற்றவர் முதலிடம். மூன்றாவது கேள்விக்கான கணக்கில் தன் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்குதான் மதிப்பு. மீதி முக்கால் பங்கு, எதிராளிகள் யார், அவர்களுடைய எதிராளிகள் யார் என்பதற்கு. நோஞ்சான்களாகப் பார்த்துப் பத்து ஆட்டம் ஜெயித்துவிட்டு மீசையை முறுக்க முடியாது. வெளியூரில் போய் ஜெயித்தால் சொந்த ஊரில் ஜெயித்ததைவிட மதிப்பு கூடுதல்.

உலக ஹாக்கிக் கூட்டமைப்பும் 2020 முதல் தன் தரவரிசையை ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்குப் பார்த்துத்தான் எழுதுகிறது. ஜெயித்தவர் எத்தனை புள்ளி பெறுகிறாரோ, தோற்றவர் அத்தனை புள்ளி இழக்கிறார். நம்மைவிட மேலே இருப்பவரைத் தோற்கடித்தால் வரவு அதிகம், கீழே இருப்பவரைத் தோற்கடித்தால் சொற்பம். பற்று வரவு நோட்டு மாதிரி. பழைய பெருமைக்கு அதில் வட்டி கிடையாது.

கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் மாநிலத்திலேயே நடந்தது. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது. 24 அணிகள், நான்கு நான்காக ஆறு பிரிவுகள். பிரிவில் முதலிடம் பெறும் ஆறு அணிகளும், இரண்டாமிடம் பெற்றவற்றில் சிறந்த இரண்டும் கால் இறுதிக்குப் போகும். இந்தச் ‘சிறந்த இரண்டு’ என்பதைக் கவனியுங்கள். ஒன்றோடொன்று மோதாத அணிகளைத்தான் அங்கே ஒப்பிட வேண்டியிருக்கிறது. புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் போன்றவைதான் பேசும். ஆனால் இந்தியா இருந்த பிரிவில், பாகிஸ்தான் வராததால் ஓமான் சேர்க்கப்பட்டது. இந்தியா அந்த அணியை 17-0 என்று அடித்தது. அதே இந்தியா அரை இறுதியில் ஜெர்மனியிடம் 5-1 என்று தோற்றது. பிறகு அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று வெண்கலம் பெற்றது. கோப்பை ஜெர்மனிக்கு. பதினேழு கோல் இந்தியாவின் பலத்தைச் சொன்னதா, எதிராளியின் அனுபவமின்மையைச் சொன்னதா? பிரிவில் ஒரு பலவீனமான அணி இருந்தால் மற்ற மூன்று பேரின் கோல் கணக்கும் வீங்கிப்போகும். வீக்கத்தைச் சதை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு கோலுக்கு மேல் எத்தனை அடித்தாலும் நான்கு என்றே கணக்கில் வைப்போம் என்று ஒரு வரம்பு கட்டிவிட்டால் போதும்.

அந்தப் போட்டியில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பதினேழு வாங்கிய ஓமான் பையன்கள் பதினோரு மணி பஸ்ஸுக்குப் போகவில்லை. பிரிவில் மூன்று ஆட்டம் ஆடினார்கள். அதன் பிறகும் 17 முதல் 24 வரையிலான இடங்களுக்குத் தங்கள் தரத்துக்கு ஒத்த அணிகளோடு ஆடினார்கள். உலகக் கோப்பையிலேயே கடைசி அணிக்கு இந்த மரியாதை உண்டு என்றால், கல்லூரிப் போட்டியில் ஏன் கூடாது?

இனி என் யோசனைகள். நான்கே நான்கு.

முதலாவது, ஒரு பதிவேடு. நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். தேதி, இடம், எந்த அணி, எந்த அணியோடு, எத்தனை கோல், மண் தரையா செயற்கைப் புல்தரையா. இந்தக் கடைசிக் கட்டம் முக்கியம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து பெரிய ஹாக்கி எல்லாம் செயற்கைத் தரைக்குப் போய்விட்டது. மண்ணில் பழகிய பையன் அந்தத் தரையில் முதல் தடவை கால் வைத்தால், பந்து போகிற வேகம் பிடிபடவே பாதி ஆட்டம் ஆகிவிடும். மண்ணில் நடந்த முடிவையும் புல்தரையில் நடந்த முடிவையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இரண்டாவது, ஒப்பிடும் முறை. இந்த வருஷ ஆட்டங்களுக்கு முழு மதிப்பு, போன வருஷத்துக்குப் பாதி, அதற்கு முந்தினதற்கு ஒன்றும் இல்லை. நேரடி மோதல், பொது எதிராளி, எதிராளியின் பலம், இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். பதினாறு அணிக்கு இதைச் செய்யக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். இரண்டு பேர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

மூன்றாவது, பட்டியலை முன்கூட்டியே வெளியிடுவது. போட்டிக்குப் பத்து நாள் முன்பே தற்காலிக சீடிங் பட்டியல் எல்லாக் கல்லூரிக்கும் போக வேண்டும், காரணங்களோடு. மூன்று நாளுக்குள் ஆட்சேபணை. பிறகு இறுதிப் பட்டியல். போட்டியை நடத்தும் கல்லூரியின் ஆள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் தபால் தலை செலவுகூடக் கிடையாது.

நான்காவது, எல்லோருக்கும் இரண்டாவது ஆட்டம். நாள் வசதி இருந்தால் லீக் முறை. தரவரிசைப்படி பாம்பு வளைவது போல நான்கு பிரிவாகப் போடலாம். 1, 8, 9, 16 ஒரு பிரிவு. 2, 7, 10, 15 அடுத்தது. 3, 6, 11, 14 மூன்றாவது. 4, 5, 12, 13 கடைசி. எந்தப் பிரிவைக் கூட்டினாலும் 34 வரும். எழுத்தனுக்கு இதைவிடச் சந்தோஷம் என்ன வேண்டும்! எல்லா அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் கிடைக்கும். பிரிவில் முதலிடம் பெற்ற நான்கும் அரை இறுதி ஆடினால் மொத்தம் 27 ஆட்டம்.

அத்தனை நாள் முடியாது, மெஸ் செலவு தாங்காது, பையன்களுக்குப் படி கொடுக்க நிதி இல்லை என்பார்கள். நியாயமான பேச்சுதான். பட்ஜெட் ஒதுக்கீடு படும் பாடு எனக்குத் தெரியும். அப்படியானால் நாக் அவுட்டே இருக்கட்டும். முதல் சுற்றில் தோற்ற எட்டு அணிகளுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கோப்பை வைத்துவிடுங்கள். நாக் அவுட்டுக்கு 15 ஆட்டம், இதற்கு 7. மொத்தம் 22. ஒரு மைதானத்தில் நாளைக்கு ஆறு ஆட்டம் என்று வைத்தால், மூன்று நாளில் முடிகிற போட்டி நான்கு நாள் ஆகும். கூடுதல் செலவு ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் எட்டு அணிகளுக்கு, அதாவது நூறு பையன்களுக்கு மேல், இன்னொரு ஆட்டம் கிடைக்கிறது. தோற்றவர்கள் தங்களுக்குள் ஆடும்போதுதான் அடுத்த வருஷப் பதிவேட்டுக்கு விவரமும் கிடைக்கும். ஒரே ஆட்டம் ஆடி எட்டு கோல் வாங்கிப் போன அணி ஒன்பதாவதா பதினாறாவதா என்று யாருக்குத் தெரியும்?

நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் திடல்களில் கபடியும் கைப்பந்தும்தான் அதிகம் கண்ணில் படும். ஹாக்கி மட்டை வாங்கவே யோசிக்கிற வீடுகள். அதையும் மீறி ஒரு மலைப் பையன் மட்டையைப் பிடித்து, கல்லூரி அணியில் இடம் பிடித்து, பஸ் ஏறி வருகிறான் என்றால், அவன் கோப்பை கேட்டு வரவில்லை. ஆடக் கேட்டு வருகிறான். முதல் சீட் யாருக்கு என்பதை நோட்டைப் பார்த்து எழுதுங்கள், எழுதியதை எல்லோருக்கும் காட்டுங்கள். பதினாறாவது சீட்டுக்கு இரண்டாவது ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.